கன்னியாகுமரி படகுச் சேவை: குளம் பெரிசு, மடை சிறிசு

ஒரு படகில் 150 பேர். குகன், பொதிகை, விவேகானந்தா என்று பழைய படகுகள் மூன்று. வட்டக்கோட்டை உல்லாசச் சவாரிக்கும் போகிற தாமிரபரணி, திருவள்ளுவர் என்று பின்னால் வந்தவை இரண்டு. கரைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே கடல் சுமார் அரை கிலோமீட்டர்தான். காற்று அடங்கிய நாளில் கையிலிருக்கும் சாயா ஆறுவதற்குள் அக்கரை போய்விடலாம். அப்படியிருந்தும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையிலும் ஐயப்ப சீசனிலும் வரிசை வெயிலில் நீண்டு நிற்கிறது. "படகு பத்தாது, இன்னும் ரெண்டு விடணும்" என்பதுதான் வரிசையில் நிற்பவர் எல்லாரும் சொல்லும் வைத்தியம். 2024 டிசம்பர் வரை அது ஓரளவு சரியான வைத்தியமும்கூட. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்பதற்குத்தான் இந்த மதிப்புரை.

தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் நடத்தும் சேவை இது. வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை. கடல் அழகு, சிலை அழகு பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்ப்பது ஆள் ஓட்டம் மட்டும்: எங்கே தேங்குகிறது, மணிக்கு எத்தனை பேர் போக முடியும், எந்த மாற்றம் பலிக்கும், எது பலிக்காது.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு கிடந்தாலும், கால்வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வயலுக்கு வருவது மடை விடுகிற அளவுதான். மடைக்கு மேலே எதைப் பெரிதாக்கினாலும் தண்ணீர் தேங்கும். கீழே எதைப் பெரிதாக்கினாலும் காய்ந்து கிடக்கும். படகுத்துறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, மடை எது?

கீழே வரும் நிமிடங்கள் எந்தப் பலகையிலும் எழுதிப் போட்டவை அல்ல. 150 பேர், ஏறி இறங்க ஒரு வழி, அரை கிலோமீட்டர் கடல், ஐந்தில் மூன்று படகு ஓடுகிற நாள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. நீங்கள் போகும் அன்றைக்குக் கிடைக்கும் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். முறை ஒன்றுதான்.

ஒரு படகின் ஒரு நடையைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். கரையில் வந்து கயிறு கட்டவும் அவிழ்க்கவும் 2 நிமிடம். திரும்பி வந்தவர்கள் இறங்க 6 நிமிடம். புதியவர்கள் ஏற, தலைக்கு 3 நொடி வீதம், ஏழரை நிமிடம். ஆகக் கரைத்துறையில் படகு நிற்பது பதினைந்தரை நிமிடம். கடல் கடக்க 5 நிமிடம். பாறைத்துறையிலும் அதே இறக்கம், அதே ஏற்றம், இன்னொரு பதினைந்தரை. திரும்பிவர 5. மொத்தம் 41 நிமிடம். இதில் படகு ஓடுவது 10 நிமிடம், மீதி 31 நிமிடம் கட்டிக் கிடக்கிறது. படகு வேகமாகப் போகவில்லை என்று குறைப்படுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஒரு படகு மட்டும் ஓடினால் மணிக்கு 219 பேர் அக்கரை போவார்கள். இரண்டு ஓடினால் 439. மூன்று ஓடினால் 658 என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் கரையில் ஆள் ஏறி இறங்கும் வழி ஒன்றாக இருந்தால் ஒரு படகு பதினைந்தரை நிமிடம் அந்த வழியைப் பிடித்துக்கொள்கிறது. மணிக்கு நாலு படகுகூட முழுதாக நுழைய முடியாது. 580 பேர்தான் எல்லை. இரண்டு படகு ஓடும்போது மடை படகு. மூன்றாவது படகு வந்த நிமிடமே மடை படகை விட்டுத் துறைக்கு நகர்ந்துவிடுகிறது. நான்காவது படகை விட்டால் அது கடலில் எஞ்சினை முனகவிட்டுக்கொண்டு முன்னால் போன படகு கயிறு அவிழ்க்கக் காத்துக் கிடக்கும். டீசல் செலவு கூடும். கூட ஒரு ஆள் போகமாட்டார். துறையில் இரண்டு படகு கட்ட இடம் இருந்தால் போதாதா என்றால், போதாது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே நடைவழியில் முட்டிக்கொண்டால் இரண்டு படகுக்கும் மடை அந்த நடைவழிதான்.

இனி அந்த 3 நொடியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

படகின் விளிம்பு அலையோடு ஏறி இறங்குகிறது. துறையின் விளிம்பு அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இளவட்டம் ஒரே தாவலில் உள்ளே போய்விடும், ஒரு நொடிகூட ஆகாது. இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக வரும் அம்மா, அலை தாழ்ந்து மறுபடி எழும்வரை நிற்பார். முழங்கால் வலியோடு வரும் பாட்டியை இரண்டு பணியாளர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்ற வேண்டும். அதற்கு 20, 25 நொடி ஆகிவிடும். அந்த நேரம் பின்னால் 100 பேர் நிற்கிறார்கள். சராசரி 3 நொடி என்பது இந்த ஒன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் கிடக்கிற எண். பாட்டியை அவசரப்படுத்த முடியாது, கூடாது. ஆனால் முதியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் வரிசையின் நடுவில் கலந்துவிடாமல் தனியாக முன்னால் நிறுத்தலாம். அப்போது அந்த மெதுவான ஐந்து பத்துப் பேர் ஏறும் நேரத்தில், பின்னால் இருப்பவர்கள் ஜாக்கெட் மாட்டி முடித்திருப்பார்கள்.

ஜாக்கெட்டுக்கு வருவோம். ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட், ஏறும்போது கொடுத்து இறங்கும்போது வாங்கிக்கொள்வது. பாதுகாப்புக்கு அது கட்டாயம், அதில் பேச்சில்லை. பேச்சு எல்லாம் எந்த இடத்தில் மாட்டுவது என்பதில்தான். ஏறுமிடத்திலேயே கையில் கொடுத்தால், நாலு பேரில் ஒருவர் அங்கேயே நின்று தலை வழியாக நுழைப்பார்; முந்தின நடையில் நனைந்த வார் முறுக்கிக் கிடக்கும்; கொக்கி இடமா வலமா என்று பார்ப்பார். மடையின் வாயில் கல்லைப் போட்ட மாதிரி. இதையே காத்திருக்கும் கூடத்தில், படகு வருவதற்கு 10 நிமிடம் முன்னாலேயே மாட்ட வைத்தால் அந்த நேரம் யாருக்கும் செலவே இல்லை, ஏனென்றால் அவர்கள் சும்மா நிற்கிற நேரம் அது. இறங்கும்போதும் அப்படித்தான். படகு வாசலில் கழற்றி அடுக்கச் சொன்னால் 6 நிமிடம். போட்டபடியே இறங்கித் துறையைத் தாண்டிப் போய்க் கழற்றச் சொன்னால் 4 நிமிடம்.

இதற்குக் கூடுதல் ஜாக்கெட் வேண்டும். எத்தனை? மூன்று படகில் 450, கரையில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு படகுக்கூட்டம் 150, பாறையில் திரும்ப நிற்கும் ஒரு கூட்டம் 150. ஆக 750 கையில் இருந்தால் போதும். கிழிந்தது, நனைந்தது, கொக்கி போனதற்கு இன்னொரு 50 சேர்த்துக்கொள்ளலாம். ஒரு புதுப் படகின் விலையில் இது எந்த மூலைக்கு?

பலன் என்ன என்றால், தலைக்கு 3 நொடி 2 நொடி ஆனால் ஏற்றம் ஏழரையிலிருந்து 5 நிமிடமாகும். இறக்கத்தை 6 நிமிடமாகவே விட்டாலும் துறையில் நிற்பது 13 நிமிடம். கரையிலும் பாறையிலும் இப்படியே செய்தால் மணிக்கு 692 பேர் போகலாம். ஒரு நொடிக்கு விலை மணிக்கு 110 பேர். 8 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 900 பேர், அதாவது 6 நடை நிறைய ஆள். அந்த அளவுக்கு வந்தபிறகும் மூன்று படகே மணிக்கு 750 பேரை ஏற்றத் தயாராக இருக்கும்; துறையில் நிற்பது 10 நிமிடத்துக்கும் கீழே வந்தால்தான் நாலாவது படகைப் பற்றிப் பேசலாம். வரிசை முக்கியம்: துறை முதலில், படகு பிறகு.

உள்ளே உட்காரும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு, பஸ்ஸில் தினமும் பார்ப்பதுதான். முதலில் ஏறுபவர் வாசல் பக்க ஓர இருக்கையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார், சிலை தெரியவேண்டுமே! பின்னால் வருபவர் அவர் முழங்காலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பணியாளர் ஒருவர் உள்ளே நின்று எதிர் ஓரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால் வாசலில் அடைப்பு வராது. செலவில்லாத வேலை.

டிக்கெட் கவுண்டரைக் கூட்டினால் வரிசை குறையும் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. குடும்பத்துக்கு நாலு பேர், ஒரு பரிமாற்றத்துக்கு 30 நொடி என்றால் ஒரு கவுண்டர் மணிக்கு 480 பேருக்குச் சீட்டுக் கொடுக்கும். இரண்டு கவுண்டர் 960. துறையோ 580தான் விடும். மூன்றாவது கவுண்டரைத் திறந்தால் வெயிலில் நின்ற கூட்டம் நிழலுக்குள் போகும், அவ்வளவுதான். மே மாதத்தில் அதுவும் பெரிய உபகாரம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் படகு ஏறும் நேரம் ஒரு நிமிடம்கூட முன்னால் வராது. ஒரே ஒரு கவுண்டர் திறந்திருந்தாலோ, சில்லறைக்கு அலைவதாலும் பணம் போகாமல் கைப்பேசித் திரை சுற்றிக்கொண்டே இருப்பதாலும் 30 நொடி ஒரு நிமிடமானாலோ, அன்றைக்கு மட்டும் கவுண்டர்தான் மடை.

கவுண்டர் மாதிரி இடங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆட்கள் கணக்காக 30 நொடிக்கு ஒரு குடும்பமாக வருவதில்லை. ஒரு பஸ் நின்றால் 50 பேர், பிறகு ஈ காக்கை இல்லை. டென்மார்க்கின் எர்லாங் 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்பகத்துக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் இதைத்தான் சொல்கிறது. ஒழுங்கில்லாமல் ஆள் வரும் ஒற்றைக் கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால், நிற்கும் நேரம் சராசரியாக ஒரு பரிமாற்ற நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 சதவீதமானால் 9 மடங்கு. 95 ஆனால் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தில்தான் வரிசை பாம்பாக நீளும். "ஊழியர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே" என்று கவுண்டரைக் குறைக்கும் எந்த நிர்வாகமும், வடசேரி சாப்பாட்டுக் கடை ஆனாலும் சரி, இங்கேதான் சறுக்கும்.

சாதாரண வரிசை, சிறப்பு வரிசை என்று இரண்டு உண்டு. சிறப்புக்குக் காசு அதிகம், வரிசை குறைவு. வாங்கலாமா? கூட்டமான நாளில் நேரமில்லாதவர்களுக்கு வாங்கலாம். ஆனால் அதனால் படகு ஒரு ஆளைக்கூட அதிகமாக ஏற்றவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 150 இருக்கையில் 50 சிறப்புச் சீட்டுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு மணிக்கு 580 என்பது 387 ஆகிவிடும். முன்னால் 300 பேர் நிற்கும் இடத்தில் 31 நிமிடத்தில் ஏற வேண்டியவர் 46 நிமிடம் நிற்பார். காத்திருப்பு அழிவதில்லை, தோள் மாறுகிறது. சிறப்பு வரிசையிலும் 200 பேர் நின்றால் அதன் பயனும் போச்சு. ஆகவே காசை நீட்டுமுன் இரண்டு வரிசைத் தலைகளையும் எண்ணுங்கள். எல்லாத் தலையையும் எண்ண வேண்டாம்; ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் எத்தனை பேர் என்று எண்ணித் தூண்களால் பெருக்கினால் போதும்.

இப்போது பாலம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள், 2000 ஜனவரி 1இல் திறந்த சிலையின் வெள்ளிவிழாவை ஒட்டி. இதைக் கண்ணுக்கு அழகு என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள்.

முன்பு படகு பாறையைத் தொட்டு, சிலையைத் தொட்டுக் கரைக்கு வரவேண்டியிருந்தது. அந்த மூன்றாவது நிறுத்தத்துக்கு 14 நிமிடம் என்று வைத்தால் ஒரு நடை 41 அல்ல, 55 நிமிடம். மூன்று படகும் சேர்ந்து மணிக்கு 491 பேர்தான். துறை 580 விடத் தயாராக இருந்தும் படகு இல்லாமல் சும்மா கிடந்திருக்கும். "இன்னும் ரெண்டு படகு விடணும்" என்று அன்றைக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். பாலம் வந்து அந்த நிறுத்தத்தை நடையாக்கியதும் 491, 580 ஆனது. மடையும் படகிலிருந்து துறைக்கு நகர்ந்தது. ஒரு மடையை அகலப்படுத்தினால் அடுத்த மடை எங்கே என்று உடனே தேட வேண்டும், பழைய வைத்தியத்தையே தொடரக் கூடாது. சிலைப் பக்கம் நீர்மட்டம் தாழ்ந்தால் படகு அணைய முடியாமல் பாதிப் பேர் வள்ளுவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுத் திரும்பிய காலமும் பாலத்தோடு முடிந்தது. அந்த வகையில் 37 கோடி வீண் இல்லை.

அதே பாலம் ஒரு புதுச் சுமையையும் கொண்டுவந்தது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு: ஓரிடத்தில் சராசரியாக இருப்பவர் எண்ணிக்கை என்பது மணிக்கு வருபவர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியது. மணிக்கு 580 பேர் வந்து ஒன்றேகால் மணி நேரம் தங்கினால் அக்கரையில் எப்போதும் 725 பேர். கண்ணாடிமேல் குனிந்து நின்று படம், பாலத்து வளைவோடு படம், சிலைப் பீடத்துக்குள் படியேறிப் பாதம் வரை போய் ஒரு படம் என்று தங்கல் 2 மணி நேரமானால் 1160 பேர். வருகை ஒன்றும் கூடவில்லை; தங்கல் மட்டும்தான் கூடியது. பாலத்தின் 10 மீட்டர் அகலம் தாராளம், கூட்டம் நெரிவது கண்ணாடி பதித்த பகுதியிலும் சிலைப் பீடத்துப் படிகளிலும்தான். ஏறுபவரும் இறங்குபவரும் படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேருமே நிற்க வேண்டியதுதான்.

அந்த 1160 பேரும் திரும்பக் கரைக்கு வர வேண்டும் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மாலை 4 மணிக்குப் பிறகு கரையிலிருந்து யாரும் போவதில்லை. படகு காலியாகப் போய் நிறைந்து வரும். கரையில் இறக்கம் மட்டும், பாறையில் ஏற்றம் மட்டும். பாறைத்துறையில் ஒரு படகுக்கு ஒன்பதரை நிமிடம், மணிக்கு 947 பேர். மூன்று படகு இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் பாறை காலியாகும். ஒரு படகு சின்னமுட்டம் துறைமுகத்தில் வருடாந்தரப் பராமரிப்புக்காகக் கரையேறியிருக்கும் காலமானால் இரண்டு படகுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பராமரிப்பைக் கூட்டமில்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் ஒரு பகுதி.

இதே கணக்கின் மறுபக்கம் காலையில் இருக்கிறது, பயணிகளுக்கு அதுதான் லாபம். "காலையில் போனால் கூட்டம் குறைவு" என்பது பாதி உண்மைதான். சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டம், ராத்திரி ரயிலில் வந்த கூட்டம், இரண்டும் ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டுவிட்டு வரிசைக்கு வந்துவிடும். ஆனால் முதல் ஒன்றேகால் மணி நேரம் பாறையிலிருந்து திரும்ப யாரும் இல்லை. படகு காலியாக வருகிறது, இறக்கம் கிடையாது, துறையில் ஒன்பதரை நிமிடம்தான் நிற்கும். மணிக்கு 947 பேர் போகலாம். காலை 8 மணிக்கு 600ஆவது ஆளாக நின்றால் 38 நிமிடத்தில் படகு. பகல் 11 மணிக்கு அதே 600ஆவது ஆளாக நின்றால் 62 நிமிடம். வரிசையின் நீளம் ஒன்று, வேகம் வேறு.

காலையில் இப்படி வேகமாகப் போகிற கூட்டம் பாறையில் இறங்கியதும் முட்டுவது நினைவு மண்டபத்தின் நுழைவுச்சீட்டுக் கவுண்டரில். படகுச்சீட்டு வேறு, இது வேறு. 150 பேர் ஒரே மூச்சில் இறங்குகிறார்கள். 37, 38 குடும்பம், குடும்பத்துக்கு 20 நொடி, ஒரே கவுண்டர் என்றால் பன்னிரண்டரை நிமிடம். பகலில் படகு பதினைந்தரை நிமிடத்துக்கு ஒன்று வருவதால் அதற்குள் தீர்ந்துவிடும். காலையில் ஒன்பதரை நிமிடத்துக்கு ஒன்று வருகிறதே. ஒவ்வொரு படகுக்கும் 3 நிமிட வேலை மிச்சமாகி, ஆறாவது படகில் வருபவருக்கு 15 நிமிடம் கூடுதல் காத்திருப்பு சேர்ந்துவிடும். கரையிலேயே இரண்டையும் ஒரே சீட்டாகக் கொடுத்தால் இந்த முட்டு மறையும். அதுவரை, குடும்பத்தில் ஒருவர் சரியான சில்லறையோடு கவுண்டருக்குப் போகட்டும், மற்றவர்கள் எல்லாருடைய செருப்பையும் ஒரே பையில் போட்டு ஒப்படைக்கட்டும். ஆளுக்கொரு ஜோடியாகத் தனித்தனி டோக்கன் வாங்குவது திரும்பும்போதுதான் வினையாகும். வெறுங்காலோடு உச்சி வெயிலில் பாறைத்தளம் சுடும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கு ஒரு ஜோடி காலுறை பையில் இருந்தால் நல்லது.

கடைசியாகக் கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழும் நாளில் படகின் அடி பாறையில் தட்டிவிடும் அபாயம் இருப்பதால் சேவையை நிறுத்துவார்கள் அல்லது தாமதமாகத் தொடங்குவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை எகிறினாலும் அப்படியே. நிறுத்துவது சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் நிறுத்திவிட்டு என்ன செய்வது என்பதில்தான் வரும். மணிக்கு 500 பேர் வருகிறார்கள், துறை 580 விடும் என்று வைப்போம். 9 மணிக்கு நிறுத்தி 10 மணிக்குத் திறந்தால் 500 பேர் தேங்கியிருப்பார்கள். மணிக்கு 80 பேர்தான் உபரியாகக் கழியும். தேக்கம் தீர ஆறேகால் மணி நேரம் ஆகும், அதாவது மாலை 4.15. ஒரு மணி நேர நிறுத்தம் அன்றைய நாள் முழுவதையும் தின்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் சீட்டு விற்பதைக் கட்டுப்படுத்துவதும், சீட்டிலேயே படகு ஏறும் நேரத்தை அச்சிட்டுக் கொடுத்து "போய்க் காந்தி மண்டபம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவதும்தான் நியாயம். காத்திருக்கும் நேரம் அப்போதும் அதேதான். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் மர நிழலில் அக்கானி (பதநீர்) குடிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

நீங்கள் போகும் அன்றைக்கு இவ்வளவும் போட்டுப் பார்க்க நேரமில்லை என்றால், சீட்டு வாங்குமுன் கரையில் நின்று இரண்டு படகு புறப்படுவதை மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 10 நிமிடம் என்றால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் தைரியமாக நில்லுங்கள். 15 நிமிடம் என்றால் தலைகளை எண்ணி, 150ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கிக்கொண்டு முடிவெடுங்கள். 25 நிமிடம் என்றால் அன்றைக்கு ஒன்றோ இரண்டோ படகுதான் ஓடுகிறது. சுசீந்திரம் போய்விட்டு மறுநாள் காலை 7 மணிக்கு வாருங்கள். பாறையில் இருப்பவர்கள் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் 3 மணிக்கே துறைப் பக்கம் வந்துவிட வேண்டும்; பாலத்தின் நடுவில் எடுக்க வேண்டிய படத்தையெல்லாம் அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.